பழைய மோட்டார் வாங்கி பஃப் மெஷின் கட்டப் போகிறீர்களா? நான் ஏமாந்த கதை

தேவகோட்டையில் வீட்டுப் பின்கட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வெற்றிலைப்பெட்டி எல்லாம் பாலீஷுக்கு வரும். புளியும் செங்கல்பொடியும் போட்டுக் கையால் தேய்த்தே தோள்பட்டை போய்விட்டது. சரி, துணிச் சக்கரத்தை மோட்டாரால் சுற்றிப் பாலீஷ் போடும் பஃப் மெஷின் ஒன்றை நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

காரைக்குடியில் ஒரு பழைய மோட்டார் கடை. 1 எச்பி, பிளேட்டில் நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று போட்டிருந்தது, இரண்டு பக்கமும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) நீட்டிக்கொண்டிருந்தது. புதுப் பச்சைப் பெயிண்ட். ஒயர் இணைக்கும் டெர்மினல் பெட்டியைத் திறந்து ஒயர் முனையைச் சுரண்டிக் காட்டினார் கடைக்காரர். சிவப்பாகத்தான் இருந்தது. "சுத்தக் காப்பர்ண்ணே, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." அப்படியேதான் எடுத்து வந்திருக்கிறேன். மோட்டார் 5,500 ரூபாய். ஷாஃப்டில் பொருத்திப் பஃப் சக்கரம் மாட்டும், மரை போட்ட கூர்முனை ஸ்பிண்டில் இரண்டு, அவரே கடைந்து கொடுத்தது, 900. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்குண்ணே பில்லு?"

சும்மா ஓடும்போது பூனை மாதிரி ஓடியது. விளக்குத் தட்டை வைத்து அழுத்தியதும் முனக ஆரம்பித்துவிட்டது. பளபளப்பே வரவில்லை, கருப்புக் கோடுகள்தான். பாலீஷ் கட்டிதான் மட்டம் என்று நினைத்து வேறு கட்டி வாங்கினேன், அது ஒரு தண்டச் செலவு.

மூன்றாம் நாள், இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு வெற்றிலைப்பெட்டி மூடியைப் பிடித்திருந்தேன். மோட்டாருக்கும் துணிச் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு விரல் அகலத்துக்கு வந்திருந்ததைப் பார்த்தேன். என்னடா இது என்று யோசிப்பதற்குள் சக்கரம் கழன்று, மூடியையும் பிடுங்கிக்கொண்டு சுவரில் அறைந்தது. முகத்துக்கு நேரே வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு ஸ்பிண்டிலிலும் ஒரே வலது மரை (வலப்பக்கம் திருகினால் இறுகுவது) போட்டிருக்கிறார் கடைக்காரர். இடப்பக்கம் இடது மரைதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளை அழுத்த அழுத்தச் சக்கரம் தானே கழன்று வெளியே வரும். கடைசல் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

அப்புறம்தான் மோட்டாருக்குச் சுருள் கட்டும் வைண்டிங் கடைத் தம்பியிடம் மோட்டாரைக் கொடுத்தேன். மூடியைக் கழற்றி, உள்ளே சுருளை பிளேடால் சுரண்டினார். வெள்ளை. முழுக்க அலுமினியம், வெளியே வரும் ஒயர் மட்டும் காப்பர். சுற்று அளந்தால் 1,490. அழுத்தினால் 1,440க்கும் கீழே. பாதி வேகத்தில் ஓடும் நாலு முனை (போல்) மோட்டாருக்கு, வேகமாக ஓடும் ரெண்டு முனை மோட்டாரின் பெயர்ப் பிளேட்டை அடித்திருக்கிறார்கள். ரிவெட் மட்டும் புதுசாக மின்னியது, அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். 8 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு 2,880 சுற்றில் நிமிடத்துக்கு 1,800 மீட்டர் ஓடும். பித்தளைக்கு அந்த வேகம் வேண்டும். எனக்குக் கிடைத்தது அதில் பாதி.

திருப்பிக் கொண்டுபோனேன். "ஓட்டிப் பாத்துத்தானண்ணே எடுத்தீங்க?" என்றார். காயலான் விலைக்கு 1,200 தருகிறாராம்.

வாங்குகிறவர்கள் மோட்டாரின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். சுற்று அளக்கும் மீட்டர் உள்ள ஆளைக் கூட்டிப் போங்கள். மரையைக் கையால் திருகிப் பாருங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

வெற்றிலைப்பெட்டி மூடியின் நெளிவை இன்னும் முழுசாக எடுக்க முடியவில்லை. புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த வீட்டு இனிஷியலும் ஓரத்தில் தேய்ந்துவிட்டது. பெட்டிக்கார ஆச்சி வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.