சென்சார் எரர் காட்டும் பழைய பொக்லைன்: புது சென்சாரா, லேப்டாப்பா, மீட்டரா?

செகண்ட் ஹேண்டில் 20 டன் பொக்லைன் எடுக்கும்போது இன்ஜின் புகை, பம்ப் சத்தம், செயின் தேய்மானம் எல்லாம் பார்த்துப் பேரம் பேசுகிறோம். ஒயரிங்கை யாரும் பார்ப்பதில்லை. நாலு கை மாறிய வண்டியில் அதுதான் முதலில் வேலையைக் காட்டுகிறது. மானிட்டரில் பம்ப் பிரஷர் சென்சார் எரர் வரும், வண்டி பவர் இறங்கும், சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மதியம் வெயில் ஏறியதும் மறுபடி வரும்.

அப்போது மூன்று யோசனை சொல்வார்கள். சென்சாரை மாற்று, லேப்டாப் வைத்திருப்பவரைக் கூப்பிடு, மல்டிமீட்டரை எடுத்து லைனை, அதாவது சென்சாருக்குப் போகும் ஒயரைப் பார். என் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

சென்சார் மாற்றும் கட்சிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்சார் வழியாக ஆயில் கசிந்து கப்ளருக்குள் (ஒயரைச் சென்சாரில் மாட்டும் இணைப்பு) வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மற்றபடி ஒரிஜினல் விலை கையைக் கடிக்கும், டூப்ளிகேட் போட்டால் பழுது சென்சாரிலா லைனிலா என்ற குழப்பம் இரட்டிப்பாகும். இதில் ஒரு இலவச வழி மட்டும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் முன் பம்ப்புக்கும் பின் பம்ப்புக்கும் தனித்தனியாக ஒரே மாதிரி சென்சார்தான். பார்ட் நம்பர் ஒன்றா என்று பார்த்து, பிரஷரை இறக்கிவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். எரரும் சென்சாரோடு இடம் மாறினால் சென்சார் போச்சு. மாறாவிட்டால் லைன்.

லேப்டாப் பெரிய ஆயுதம், மறுக்கவில்லை. டாக்டர் இசட்எக்ஸ், கம்மின்ஸ் இன்சைட் போன்ற டயக்னாஸ்டிக் மென்பொருள்கள் ஓடும் வண்டியில் ஒவ்வொரு சென்சாரும் என்ன சொல்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஆனால் இதில் பாதியைச் சில வண்டிகளின் மானிட்டரே சர்வீஸ் மெனுவில் காட்டிவிடும். எரர் நம்பரின் கடைசி எண்ணையும் கவனியுங்கள். ஜே1939 என்ற பொதுவான எரர் நம்பர் முறையைப் பின்பற்றும் வண்டிகளில் அது பழுதின் வகை: 3 என்றால் வோல்ட் அதிகம், 4 என்றால் வோல்ட் குறைவு, 5 என்றால் லைன் கட், 2 என்றால் சிக்னல் தாறுமாறு. ஹைட்ராலிக் பக்கத்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு நம்பர் இருக்கும், மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் எல்லை எங்கே என்றால், அது கண்ட்ரோலர் (வண்டியின் கம்ப்யூட்டர்) முனையில் உட்கார்ந்து பார்க்கிறது. அங்கே வந்து சேரும் வோல்ட் குறைவு என்று சொல்லும். சென்சாரே குறைவாகக் கொடுத்ததா, வழியில் ஒயர் தின்றதா என்று அதற்குத் தெரியாது. பழைய வண்டியில் நமக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான். அதை மீட்டரும் ஒரு துண்டு ஒயரும் சொல்லிவிடும்.

மூன்று ஒயர் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் 0.5, முழுப் பிரஷரில் 4.5 வோல்ட் என்பது பொதுவான கணக்கு. கப்ளரைக் கழற்றி, சாவியை மட்டும் போட்டு (இன்ஜின் வேண்டாம்) ஒயர் பக்கப் பின்களில் சப்ளையை முதலில் பாடி எர்த்தோடும், அப்புறம் கப்ளரின் சொந்த எர்த் பின்னோடும் அளக்க வேண்டும். பாடியோடு 5 வந்து, பின்னோடு வராவிட்டால் எர்த் ஒயர் போயிருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் அவசரப்பட வேண்டாம். ஒரே 5 வோல்ட் லைனில் பல சென்சார்கள் தொங்கும், அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் படுத்துவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து எரர் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ, அதுவோ அதற்குப் போகும் ஒயரோதான் திருடன்.

சப்ளை சரி என்றால், துண்டு ஒயரால் சிக்னல் பின்னை எர்த் பின்னோடு சேருங்கள். வோல்ட் குறைவு என்ற எரர் வர வேண்டும். பிறகு சிக்னலை 5 வோல்ட் பின்னோடு சேருங்கள். வோல்ட் அதிகம் என்று மாற வேண்டும். சில வண்டியில் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மாறும். எரர் விடாமல் நிற்கும் வண்டியில் இரண்டும் சொன்னபடி மாறினால் ஒயர் கட்டோ ஷார்ட்டோ இல்லை, கண்ட்ரோலரும் நலம், சென்சாருக்குத் தைரியமாகப் பணம் கொடுக்கலாம். மாறாவிட்டால் எத்தனை புது சென்சார் போட்டாலும் எரர் போகாது. ஒரே எச்சரிக்கை: சேர்க்கும் முன் அந்தப் பின்னில் 5 வோல்ட்தான் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். பழைய வண்டிகளில் 24 வோல்ட் ஓடும் சென்சாரும் உண்டு, அதைச் சிக்னலில் கொடுத்தால் கண்ட்ரோலர் காலி.

இங்கே பல எலக்ட்ரீஷியன்கள் மீட்டரை 'பீப்'பில் (ஒயர் தொடர்ச்சியாக இருந்தால் சத்தம் போடும் இடம்) வைத்துப் பார்த்துவிட்டு ஒயர் நல்லாருக்கு என்று எழுந்துவிடுகிறார்கள். பீப் சத்தத்தை நம்பக் கூடாது. பல மீட்டர்கள் 30 ஓம் வரைக்கும்கூடக் கத்தும். பச்சைக் களிம்பு பிடித்த எர்த் பின்னில் 30 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். சென்சார் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் அங்கே 0.3 வோல்ட் நிற்கும். 500 பார் (பார் என்பது பிரஷர் அளவு) சென்சாரில் 4 வோல்ட்டுக்கு 500 பார் என்பதால், இன்ஜின் ஓடாமலே 30 பாருக்கு மேல் பிரஷர் இருப்பதாகக் கண்ட்ரோலர் நினைக்கும். எரர் வராது, லேப்டாப்பும் குறை சொல்லாது, பீப்பும் அடிக்கும். வண்டி மட்டும் ஏதோ மந்தமாக இருக்கும். அதனால் கப்ளரை மாட்டியபடியே, ஒயரைக் குத்தாமல், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து, சென்சாரின் எர்த் பின்னுக்கும் கண்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1-க்கு மேல் இருந்தால் அந்த வழியில் எங்கோ கோளாறு.

விட்டு விட்டு வரும் பழுதுக்கு மீட்டரில் மினிமம்-மேக்ஸிமம் பட்டன் (வந்த குறைந்த, கூடிய அளவுகளைப் பிடித்து வைப்பது) இருப்பது அவசியம். என் வண்டியில் கண்ட்ரோலர் முனையில் சிக்னலைப் பிடித்து வைத்துவிட்டு, ஹெல்பரை ஒயர் கற்றையை ஒரு முனையிலிருந்து அசைத்துக்கொண்டே வரச் சொன்னேன். 0.5-இல் நின்ற மீட்டர், பம்ப் பக்கத்து கிளாம்ப் வந்ததும் 0.1-க்கு விழுந்தது. "அண்ணே, இங்க டேப்பு மட்டும் பளபளன்னு இருக்குண்ணே" என்றான். கிளாம்ப்பின் ரப்பர் எப்போதோ போய், இரும்பு விளிம்பு ஒயரை அரைத்திருந்தது. சப்ளை ஒயரில் மிச்சம் இருந்தது இரண்டு மூன்று இழை. புது ஒயர் சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கிளாம்ப்புக்கு ரப்பர் வைத்ததோடு முடிந்தது.

பராமரிப்பு என்று பார்த்தாலும் மீட்டர் வழிதான் எனக்குப் பிடிக்கிறது. லைனைத் தேடிப் போகும்போது எலி கடித்த இடம், டர்போ சூட்டில் மொறுமொறுத்த ஒயர், பிரஷர் வாஷில் தண்ணீர் ஏறிய கப்ளர் எல்லாம் கண்ணில் படும். அடுத்த எரரை வரும் முன்பே பிடிக்கலாம்.

இரண்டு ஒயர் டெம்பரேச்சர் சென்சாருக்கு இன்னும் எளிது. கழற்றினால் மானிட்டர் கடுங்குளிர் காட்ட வேண்டும், இரண்டு பின்னையும் சேர்த்தால் கடும் சூடு. காந்த வகை ஸ்பீடு சென்சாருக்கு மட்டும் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பார்க்க வேண்டும்.

மீட்டருக்கும் எல்லை உண்டு. காமன் ரயில் இன்ஜினில் இன்ஜெக்டர் கோட் ஏற்றுவது, கண்ட்ரோலர் மாற்றுவது எல்லாம் லேப்டாப் வேலை. நாக்ஸ் சென்சார் (புகையை அளப்பது) மாதிரியானவை நேராக கேன் லைனில், அதாவது கண்ட்ரோலர்கள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் இரட்டை ஒயரில், பேசுபவை, அவற்றில் 0.5, 4.5 கணக்கு செல்லாது. அந்தத் தலைமுறை வண்டியில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே லேப்டாப்பைத்தான் முதலில் கூப்பிடுவேன். கூப்பிடும் முன் ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம்: பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கப்ளரில் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டரோ அதற்குப் போகும் ஒயரோ விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் லேப்டாப்பை மாட்டினால், பாதி நேரம் கனெக்ட் ஆகவில்லை என்றே போகக்கூடும், லேப்டாப்காரருக்கு வந்துபோன கூலியும் கொடுக்க வேண்டியிருக்கும்.