வீட்டு விபிஎன் பூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்க முன்

உப்புவெளியில் ஒரு வீடு. உரிமையாளர்கள் கனடாவில். வீட்டுக் கெமராவை அங்கிருந்து பார்க்க விபிஎன் (இணையத்தின் ஊடே வீட்டு வலையமைப்புக்குப் போகும் தனிப்பட்ட பாதை) பூட்டித் தருவதாகத் திருகோணமலை நகரில் ஒருவர் முழுக்காசையும் முன்னுக்கே வாங்கிக்கொண்டார். ஹோலில் நின்றபடி போனில் வயர்கார்டு என்ற விபிஎன் செயலியை ஓன் பண்ணி, மேலே சாவிக் குறி வந்ததையும் கெமராப் படம் ஓடியதையும் காட்டிவிட்டுப் போனார். கனடாவில் படம் ஒருநாளும் வரவில்லை. கேட்டதற்கு "உங்கட இன்டர்நெட் ஸ்லோ" என்றார். பிறகு போனே எடுப்பதில்லை.

அவர் காட்டியதில் விபிஎனுக்கு வேலையே இருக்கவில்லை. எதிர்முனை பதில் தராவிட்டாலும் வயர்கார்டில் சாவிக் குறி விழும். எந்த முகவரிகளுக்கு விபிஎனால் போக வேண்டும் என்று குறிக்கும் அனுமதித்த ஐபி என்ற இடத்தில் 10.8.0.0/24 மட்டும் இருந்தது, கெமராவோ 192.168.1 வரிசையில். அதனால் படம் விபிஎன் டனலைத் தொடாமல் வீட்டு வைஃபையால் நேரே வந்தது.

எனவே காசு கொடுக்க முன் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் கெமராவைத் திறக்கச் சொல்லுங்கள். வயர்கார்டில் அனுப்பிய அளவு கூடிக்கொண்டு போக, வந்த அளவு பூச்சியத்திலேயே நின்றால் இணைப்பு இல்லை.

உண்மையான தடை வேறு. அந்த வீட்டில் இருந்தது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். அதன் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) 100.64இற்கும் 100.127இற்கும் இடையில் தொடங்கினால், பலர் ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். 10இல் தொடங்கினாலும் பொது முகவரி இல்லை. ரவுட்டரில் வயர்கார்டின் வழமையான யூடிபி 51820 போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, வெளியிலிருந்து வருவது சிம் கம்பனியின் பக்கத்திலேயே நின்றுவிடும். டிடிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரால் பிடிக்கும் சேவை) இதைத் தீர்க்காது. அதற்கென்று வருடக் காசு வேறு வாங்கியிருந்தார்! வேலை தொடங்க முன் ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயம்.

பைபர் வீடுகளில் நடப்பது இதைவிட மோசம். கெமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரின் 8000 அல்லது 37777 போர்ட்டை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டு அதையே விபிஎன் என்கிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பிடித்தது தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத இப்படிப்பட்ட கெமராக்களையும் டிவிஆர்களையும்தான். வயர்கார்டுக்கு ஒரேயொரு யூடிபி போர்ட் போதும். மற்றதையெல்லாம் மூடுங்கள், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்கவிடும் யூபிஎன்பியையும் நிறுத்துங்கள்.

பொது ஐபி கிடைக்காவிட்டால், எப்போதும் ஓனில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், பொது ஐபி இல்லாமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போடலாம். வந்த தரவை வீட்டுக் கருவிகளுக்குக் கடத்தும் ஐபி ஃபோர்வர்டிங்கை இயக்கி, வீட்டு வலையமைப்பை அறிவித்து, நிர்வாகப் பக்கத்தில் அந்த ரூட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். பையின் சாவி காலாவதியையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வழமையான 180 நாளில் தொடர்பு அறும், வீட்டில் திரும்ப லொகின் பண்ண ஆள் இருக்காது. கனடா வீடும் 192.168.1 என்றால் இரண்டும் மோதும். இங்கே 192.168.73 என்று மாற்றிவிடுங்கள்.

பூட்டியவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய வயர்கார்டு கியூஆரில், விபிஎனுக்குள் நுழையவிடும் இரகசியமான தனிச்சாவி இருக்கிறது. பூட்டியவரிடமும் அதே பிரதி இருக்கும். போனிலேயே புதிய சாவி உருவாக்கி, வீட்டுப் பக்கத்தில் அதன் பொதுச்சாவியைச் சேர்த்து, பழைய பியரை (பழைய சாவியின் பதிவை) அழித்துவிடுங்கள்.