கணைக்கால் வலிக்கு ஓய்வா, புது ஷூவா, லேஸா?

2025 ஆகஸ்டில் டேராடூன் ஹிமாத்ரி அரங்கில் ஆசிய ஷார்ட் டிராக் (ஐஸில் ஓட்டும் வேக ஸ்கேட்டிங்) போட்டி நடந்தது. அதைப் பார்த்த சூட்டில், எட்டு வருடம் பரணில் கிடந்த ஸ்கேட்டை நானும் இறக்கினேன். சென்னையில் வாரம் மூன்று நாள் இன்லைன் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்), லீவு கிடைத்தால் வடக்கே போய் ஐஸ் என்று திட்டம். இரண்டாவது வாரமே கணைக்காலின் முன்பக்கம் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

அம்மா சொன்னது தைலம். தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

நண்பர்கள் சொன்னது முழு ஓய்வு. மூன்று வாரம் ஸ்கேட்டைத் தொடவில்லை. வலி போனது. மறுபடி ஏறிய முதல் நாளே திரும்பி வந்தது. வராமல் என்ன செய்யும்? காரணம் அப்படியே இருக்கிறதே. பாதத்தை மேலே தூக்கும் தசை கணைக்காலின் முன்பக்கம், வெளிப்புறமாக ஓடுகிறது. பழக்கம் விட்டவர் ஸ்கேட்டில் நின்றால் பயத்தில் பின்பக்கம் சாய்வார். விழாமல் பிடித்து நிறுத்த அந்தத் தசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பயிற்சியாளர்கள் ‘முட்டியை மடி, முட்டியை மடி’ என்று கத்துவது சும்மா இல்லை.

ஓய்வுக்குப் பதில் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மற்ற நாட்களில் மெரினா நீச்சல் குளத்துக்குப் போனது எனக்கு மேலாக இருந்தது. மூச்சும் குறையவில்லை, காலுக்கும் அடி இல்லை. ஆனால் ‘ஸ்டாமினாவுக்கு’ என்று பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓடாதீர்கள். கால் புதைவதால் அதே சதைகளுக்கு இரட்டை வேலை. நான் ஓடினேன், அனுபவித்தேன்.

அடுத்து புது ஷூவா, பழைய ஷூவுக்கு லேஸை மாற்றிக் கட்டுவதா? இதில்தான் பணம் விரயமாகும். நல்ல ஸ்கேட் ஷூ சில ஆயிரங்களில் முடியாது. லேஸுக்குச் செலவே இல்லை. நான் அதுவரை அடியிலிருந்து நுனிவரை ஒரே இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது விரல் பக்கம் கொஞ்சம் தளர்வு, கணுக்கால் மடிகிற இடத்தில் நல்ல இறுக்கம், மேல் கொக்கிகளில் ஒரு விரல் நுழையும் அளவு இடம். முட்டியை மடித்தால் கணைக்கால் ஷூவின் நாக்கில் சாய வேண்டும். சாயாவிட்டால் மேலே இறுக்கம் அதிகம். நம் ஊர் மதிய வெயிலில் பாதம் வீங்கிவிடும் என்பதால், பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி கட்டுகிறேன். தடித்த சாக்ஸும் போய், மெல்லிசுக்கு மாறிவிட்டேன். வலியில் முக்கால்வாசி இதிலேயே போனது.

அதற்காகப் புது ஷூ வீண் என்று சொல்லவில்லை. ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் எப்படிக் கட்டினாலும் பயனில்லை. குதிகால் உள்ளே தூக்கும், விரல்கள் தரையைப் பிடிக்க மடங்கும், அதே தசை மறுபடி இழுபடும். வளர்கிற பிள்ளைக்கு வாங்குகிற கணக்கு இங்கே உதவாது.

பிசியோதெரபிஸ்டை நான் கடைசியாகப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்கலாம். வலி எங்கே என்பதைத்தான் அவர் முதலில் கேட்டார். எலும்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில் நீளமாக வலித்தால் அது ஷின் ஸ்பிளின்ட். பெரும்பாலும் ஓட்டத்தாலும் குதிப்பதாலும் வருவது, லேஸால் தீராது. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்ட ஓட்ட இறுக்கம் ஏறிப் பாதம் மரத்துப்போய், நிறுத்தியதும் விடுகிறது என்றால் அது வேறு விவகாரம். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டுக்கும் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு நேராக எலும்பு டாக்டரிடம் போக வேண்டும்.