ரேடியோ மொபைல்: கோபுரத்துக்கு இடம் பார்க்கும் இலவச மென்பொருள்

செல்போன் கோபுரத்தை எங்கே நிறுத்தலாம் என்று கணக்கிடும் மென்பொருள்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையில் விற்கப்படுகின்றன. கனடாவைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடுபவர்) ரோஜர் கூடே உருவாக்கிய ‘ரேடியோ மொபைல்’ இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் இயங்கும் இதன் தோற்றம் மிகவும் பழையது. அமைப்புகளுக்கான சாளரத்தில் ஒவ்வொரு நிலையத்தையும் வலையமைப்பின் உறுப்பாகக் குறிக்க மறந்தால் கணக்கே நடக்காது என்பதால், புதியவர்கள் முதலில் அங்கேதான் திணறுவார்கள்.

அந்தத் தடையைத் தாண்டிவிட்டால், மலைப்பகுதிகளில் இதன் அருமை தெரியும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த நில உயரத் தரவையும், 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை பொருந்தும், அலை பரவுவதைக் கணிக்கும் லாங்லி-ரைஸ் கணித மாதிரியையும் கொண்டு, எந்தச் சரிவுக்கு சிக்னல் போகும், எந்தப் பள்ளத்தாக்கு நிழலில் விழும் என்பதை வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டுகிறது. இரண்டு இடங்களுக்கு நடுவிலான நிலத்தின் குறுக்குவெட்டையும் தருகிறது. 900 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் தொலைவுள்ள இணைப்பின் நடுப்பகுதியில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் (இரு ஆண்டெனாக்களை இணைக்கும் நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவும் வெளியின்) ஆரம் ஏறக்குறைய 29 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். இதைக் கையால் கணக்கிட்டவர்களுக்கே அந்தப் படத்தின் மதிப்பு புரியும்.

ஆனால் வரைபடத்தில் அதிக இடத்தை நிறைக்கும் உச்சியே செல்போன் சேவைக்கு ஏற்ற இடம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நீலகிரியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் ஒரு ஆண்டெனாவை வைத்துப் பார்த்தால் படம் கண்ணைக் கவரும். வலையமைப்பைத் திட்டமிடும் பொறியாளரோ தயங்குவார். அவ்வளவு உயரத்திலிருந்து பரவும் அலை, அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் தொலைதூரக் கோபுரங்களுக்கு இடையூறாகும். அது எட்டும் பரப்பில் உள்ள அத்தனை பேரும் ஒரே கோபுரத்தின் கொள்ளளவைப் பங்குபோட வேண்டியிருக்கும். மேலும், 4ஜி கைபேசியின் அதிகபட்சத் திறன் பொதுவாக 0.2 வாட் மட்டுமே. கோபுரத்தின் குரல் கைபேசிக்குக் கேட்டாலும் கைபேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்காமல் போகலாம். இந்தத் திரும்பு வழியைத் தனியாகக் கணக்கிட மென்பொருளில் இடமிருக்கிறது. வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கும் நெரிசலுக்கும்தான் அதில் இடமே இல்லை.

நகரத்துக்குள் இதன் கணிப்பை நான் நம்ப மாட்டேன். 30 அல்லது 90 மீட்டர் இடைவெளியில் அமைந்த உயரத் தரவில் ஒரு தெருவின் கட்டடங்கள் தனித்தனியே தெரிவதில்லை. 3,500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி சேவைக்கு இந்தக் குறை இன்னும் பெரிது: வெட்டவெளியிலேயே 900 மெகாஹெர்ட்ஸை விடச் சுமார் 12 டெசிபெல் கூடுதல் இழப்பு உண்டு, சுவர்களால் ஏற்படும் இழப்பு அதற்கும் மேல். மலைக்கிராமத்துக்கு ஒரு கோபுரம், இரண்டு மேடுகளுக்கு இடையே மைக்ரோவேவ் இணைப்பு, அமெச்சூர் ரிப்பீட்டர் (சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் நிலையம்) போன்ற வேலைகளுக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். நிறுவ மனமில்லாதவர்கள் இதன் இணையப் பதிப்பில் தொடங்கலாம்.