பட்டுப்புடவைய மட்டும் இந்த ட்ரை வாஷ் கடைல குடுத்துடாதீங்க

பேன்ட் சட்டை, கோட், கம்பளி, ஸ்க்ரீன் துணி இதெல்லாம் இங்க நல்லாத்தான் பண்றாங்க, அத மறைக்க விரும்பல, எங்க வீட்டுக்காரர் கோட் எல்லாம் ரொம்ப வருஷமா இங்கதான் போகுது. ஆனா பட்டுப்புடவ குடுக்கலாமான்னு பார்க்கறதுக்காக இந்தப் பக்கம் வந்திருந்தீங்கன்னா தயவுசெஞ்சு முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

நான் குடுத்தது எங்கம்மாவோட முகூர்த்தப் புடவ. 1986-ல காஞ்சிபுரத்துல தறிக்காரர் வீட்டுக்கே போய் தாத்தா எடுத்துட்டு வந்தது. அரக்கு கலர் பாடி, ரெண்டு பக்கமும் மயில்கழுத்து பார்டர், கோர்வை போட்டு நெய்தது. கோர்வைன்னா பாடியும் பார்டரும் வேற வேற கலர்ல மூணு நாடா ஓட்டி நெய்யறது, தறில இருக்கறவர் தவிர பக்கத்துல இன்னொரு ஆளும் உக்காந்து நாடா வாங்கிக் குடுத்துட்டே இருக்கணும், அவ்ளோ வேலை அதுல. அம்மா அத வருஷத்துக்கு ஒரு தடவ நிழல்ல விரிச்சு மடிப்ப மாத்தி வெள்ளத் துணில சுத்தி வச்சு காப்பாத்தின புடவ. தம்பி கல்யாணத்துல நான் கட்டினேன், பந்தில யாரோட கையோ தட்டி முந்தானைகிட்ட பாயசம் கொட்டிடுச்சு.

கடைல குடுக்கும்போதே தெளிவா சொன்னேன், இது பாயசக் கறை, பால் பாயசம், இந்த எடத்துல இருக்கு, பழைய புடவ, சுத்த ஜரிகை, பார்த்துப் பண்ணுங்கன்னு. கவுன்டர்ல இருந்த தம்பி "சரிக்கா, ஃபேக்டரில பார்த்துப்பாங்க"ன்னு சொல்லிட்டு பில்லுல "பட்டு 1, ட்ரை வாஷ் + ரோல் பிரஸ்"னு மட்டும் எழுதினாரு, கறையப் பத்தி ஒரு வார்த்த இல்ல, எழுதச் சொன்னதுக்கு தனியா டேக்ல எழுதிக்கறேன்னாரு. அந்த டேக்ல என்ன எழுதினாங்களோ, ஆனா அந்த டேக்க புடவைலயே ஸ்டேப்ளர் பின் அடிச்சு மாட்டியிருக்காங்க! ஃபால்ஸ் துணில கூட இல்ல, பட்டு மேலயே. பின்ன எடுத்தா ரெண்டு ஓட்டை, சுத்தி இழை இழுத்துட்டு நிக்குது. ஊசி நூல்ல ஒரு துணித் துண்ட ஃபால்ஸ் ஓரத்துல கட்டி நம்பர் போடறது எத்தனையோ கடைல பண்றாங்க, அதுக்கு எவ்ளோ நேரம் ஆயிடப் போகுது.

புடவ வந்தது சொன்ன தேதிக்கு ரொம்ப தள்ளி, கேட்டா மெஷின் ரிப்பேர்னாங்க. பளபளன்னு ரோல் பிரஸ் போட்டு, ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல பார்டர் மட்டும் வெளிய தெரியற மாதிரி மடிச்சு குடுத்தாங்க, முந்தானை பக்கம் உள்ள போயிடுச்சு. வீட்ல வந்து பிரிச்சா பாயசம் கொட்டின எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு அரக்கு போயி வெளிறின ரோஸ் கலர் ஆயிருக்கு, நடுவுல லேசா மஞ்சள், அந்த எடத்துல பட்டு மினுமினுப்பே இல்லாம பஞ்சு மாதிரி பிசிறு பிசிறா நிக்குது, பக்கத்துல இருக்கற ஜரிகை கறுத்துப் போச்சு. புடவ முழுக்க பாலிஷ் போட்டு அட்ட மாதிரி விறைப்பா இருக்கு. எங்கம்மா கைல வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணுமே பேசல, அத மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டாங்க, எனக்கு அப்ப வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

அடுத்த நாள் போனா மொதல்ல "சாயம் ஏற்கனவே போயிருந்ததுதான் மேடம்"னாங்க, கல்யாண ஃபோட்டோவ காமிச்சேன், அப்புறம் "பழைய புடவ, நூல் இத்துப் போயிருக்கும்"னாங்க, நூல் இத்துப் போயிருந்தா அந்த ஒரு எடத்துல மட்டும் வட்டமா எப்படி இத்துப் போகும்? கடைசில மேனேஜர் வந்து பேச்சுவாக்குல சொல்லிட்டாரு, "கறை போகலன்னா லேசா ப்ளீச் வைக்கறது வழக்கம்தான்"னு. அப்பதான் நடந்தது எனக்குப் புரிஞ்சது.

இத கொஞ்சம் விளக்கமா எழுதறேன், நிறைய பேருக்கு உபயோகமா இருக்கும். ட்ரை வாஷ்னா தண்ணி இல்லாம பெர்க்ளோரோஎத்திலீன்ங்கற கெமிக்கல்ல, இல்லன்னா எம்டிஓன்னு சொல்ற பெட்ரோலிய எண்ணெய்ல துணிய அலசறது. எண்ணெய், நெய், மேக்கப் கறையெல்லாம் அதுல நல்லா போகும். சக்கர, பால், வேர்வை இதெல்லாம் அதுல கரையாது. பாயசத்துல நெய்யும் இருக்கு சக்கரயும் இருக்கு, அதனால நெய் போயிடும், சக்கர அப்படியே நிக்கும், வெளிய பார்த்தா தெரியாது. அந்த எடத்த மட்டும் தனியா லேசா ஈரத்துணில ஒத்தி எடுக்கற வேலைக்கு ஸ்பாட்டிங்னு பேரு, ட்ரை வாஷ் கடையோட தெறமையே அதுலதான் இருக்கு. அத பண்ணாம சூடான ரோலர்ல விட்டா சக்கர பழுப்பாயி இழைலயே பிடிச்சுக்கும். இங்க அதுதான் ஆயிருக்கணும், பழுப்பு வந்ததும் பயந்து ப்ளீச் வச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. பட்டுங்கறது பருத்தி மாதிரி இல்ல, நம்ம முடி மாதிரி புரோட்டீன், குளோரின் ப்ளீச் பட்டா சாயம் மட்டும் இல்ல இழையே கரைஞ்சு மஞ்சளடிச்சிடும், அந்த வெள்ளி ஜரிகையும் கறுத்துடும். ஈரமா இருக்கும்போது பட்டு பலம் கொறஞ்சு இருக்கும், அப்ப பிரஷ் போட்டா பிசிறு கெளம்பத்தான் செய்யும். துணி தொழில்ல இருக்கறவங்களுக்கு இது தெரியாதுன்னா நான் நம்ப மாட்டேன்.

கை தவறி ஒரு புடவ போறது எந்தக் கடைலயும் நடக்கும், ஃபோன் பண்ணி "மேடம், இப்படி ஆயிடுச்சு"ன்னு சொல்லியிருந்தா எனக்கு இவ்ளோ கோவம் வந்திருக்காது. பாலிஷ் போட்டு, கெட்ட எடத்த உள்ள மடிச்சு, காசும் முழுசா வாங்கிட்டு அனுப்பினாங்க பாருங்க, அதத்தான் மன்னிக்க முடியல.

நஷ்ட ஈடு கேட்டா பில்லுக்குப் பின்னாடி இருக்கற பொடி எழுத்த காமிக்கறாங்க, சலவைக் கூலியோட பத்து மடங்குக்கு மேல குடுக்க மாட்டோம்னு. அதுவும் உடனே இல்ல, "ஓனர் வரட்டும்". ஓனர் ஃபோன்ல சொன்னது "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன புடவைக்கு என்னம்மா மதிப்பு இருக்கு"ன்னு. தெருத்தெருவா பழைய பட்டுப்புடவ வாங்கறோம்னு மைக் கட்டிட்டு வர்றவங்க எதுக்கு வர்றாங்க? அந்தக் காலத்து ஜரிகைல இருக்கற வெள்ளிக்காகத்தான். செகப்பு சாயம் போட்ட பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பிய சுத்தி தங்க முலாம் பூசினது அது. எரிச்சு வெள்ளி எடுக்கறவங்களுக்கே அதோட மதிப்பு தெரியுது, துணிய பராமரிக்கறேன்னு போர்டு போட்டவருக்குத் தெரியல.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிட்டு பதிவு பண்ணிட்டேன், கடைக்கும் எழுத்துல நோட்டீஸ் அனுப்பியாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்து ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், பிரச்சனை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும், நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். பொடி எழுத்துல என்ன போட்டிருந்தாலும் அதப் பார்த்து பயந்து வந்துடாதீங்க, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்த கேள்வி கேக்கவும் அந்தச் சட்டத்துல எடம் இருக்கு. பில்லு, டேக், ஸ்டேப்ளர் பின் உட்பட எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்.

புடவைய காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர்கிட்ட காமிச்சோம். அந்த வட்டத்துல இருக்கற கலர திரும்ப கொண்டுவர முடியாது, சாயம் ஏத்தினா இழை தாங்காதுன்னுட்டாரு. நல்லா இருக்கற பார்டர பிரிச்சு வேற பட்டுல வச்சு தச்சுக்கலாம்னு சொன்னாரு, அம்மா வேணாம்னுட்டாங்க. எந்தக் கடையா இருந்தாலும் பட்டு குடுக்கும்போது கறைய ஃபோட்டோ எடுத்து, என்ன கறைன்னு பில்லுலயே எழுத வச்சு, ப்ளீச் வைக்கக் கூடாது ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாதுன்னும் எழுதச் சொல்லுங்க, அங்கயே வாஷ் பண்றாங்களா வெளில அனுப்பறாங்களான்னு கேளுங்க, வாங்கும்போது கவுன்டர் மேலயே முழுசா விரிச்சு முந்தானை வரைக்கும் பார்த்துட்டு அப்புறம் காசு குடுங்க. இந்தக் கடைல விரிச்சுப் பார்க்க விடமாட்டாங்க, "பிரஸ் கலைஞ்சிடும் மேடம்"னு சொல்லுவாங்க, கலைஞ்சா கலையட்டும், விரிங்க.