பைக் வீல் பேலன்சிங்: ஸ்டாண்டா, மெஷினா, மணியா, ஜெல்லா?

சென்னையில் காருக்கு டயர் மாற்றப் போனால், "அலைன்மெண்ட், பேலன்சிங் பண்ணிடலாமா சார்?" என்று கடைக்காரரே கேட்பார். வீலின் ஒரு பக்கம் கனமாக இருந்தால், எதிர்ப்பக்கம் சின்ன வெயிட் வைத்துச் சமன் செய்வதுதான் பேலன்சிங். பைக்குக்கு அந்தக் கேள்வி அநேகமாக வருவதில்லை. பழைய டயரைக் கழற்றி, புதியதை ஏற்றி, காற்று அடித்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறந்த ஊர் இது. புல்லட்டும் ஐம்பதுகளிலிருந்து அதே திருவொற்றியூரில் உருவானதுதான். அப்படிப்பட்ட ஊரிலேயே பைக் வீலுக்கு பேலன்சிங் வேண்டுமென்றால் நாமாகக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கேட்டால் ஆளுக்கொரு பதில். வீலைக் கழற்றி, அதற்கென்று உள்ள ஸ்டாண்டில் மாட்டி வெயிட் ஒட்டலாம் என்பார் ஒருவர். மெஷினில் போட்டால்தான் துல்லியம் என்பார் இன்னொருவர். லாங் ரைடு போகும் நண்பர் டயருக்குள் குட்டி மணிகளைக் கொட்டச் சொல்வார். பஞ்சர் கடையில் ஜெல் ஊற்றச் சொல்வார்கள், பஞ்சரும் ஆகாது, பேலன்சும் ஆகிவிடும் என்று. "பைக்குக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்பதும் ஒரு பதில்தான், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளுக்கு ஸ்டாண்டு போதும். மெஷின் அதைவிட உசத்தி என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம், அதன் திரையில் எண் தெரிவது.

முதலில் அந்த "எதுக்குங்க" கேள்வி. 17 இன்ச் வீல், 100/80 டயர் என்று வைத்துக்கொள்வோம். ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதல். 100 கி.மீ. வேகத்தில் அந்த வீல் நொடிக்கு ஏறத்தாழ 15 சுற்று சுற்றும். அப்போது அந்த 20 கிராம், கிட்டத்தட்ட 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் வீலைத் தன் பக்கம் இழுக்கும். வேகம் பாதியானால் விசை நாலில் ஒரு பங்காகிவிடும். அதாவது 50 கி.மீ.யில் 1 கிலோவுக்கும் கீழே. மாநகருக்குள் 2023இலிருந்து இருசக்கர வாகனத்துக்கு 50 கி.மீ.தான் வரம்பு, அண்ணா சாலை நெரிசலில் அதையே தொட முடிந்தால் பெரிய விஷயம். ஆகவே வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால் அவர் சொல்வது உண்மை. அதே மாதிரி பேலன்ஸ் இல்லாத வீலோடு செங்கல்பட்டைத் தாண்டி 90இல் போகிறவருக்குக் கை மரத்துப்போகும், ஃபோர்க் உதறும், நாளடைவில் டயர் திட்டுத் திட்டாகத் தேயும்.

ஸ்கூட்டருக்குச் சின்ன வீல், அதற்கு இதெல்லாம் வேண்டாம் என்றொரு நம்பிக்கை உண்டு. சின்ன வீல் அதே வேகத்துக்கு அதிகமாகச் சுற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 60 கி.மீ.யில் 17 இன்ச் பைக் வீல் நொடிக்கு 9 சுற்று என்றால், 10 இன்ச் ஸ்கூட்டர் வீல் 12 சுற்று. கணக்குப் போட்டால் விசை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கூட்டரில் யாரும் 100இல் போவதில்லை என்பதால் தப்பிக்கிறோம்.

சரி, ஸ்டாண்டு. இதில் மின்சாரமும் இல்லை, மென்பொருளும் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான் வேலை செய்கிறது. வீலை பைக்கிலிருந்து கழற்றி, நடுவே ஒரு நேரான ஷாஃப்டைச் செருகி, இரண்டு பக்கமும் கூம்பு வைத்து இறுக்குவார்கள். அந்த ஷாஃப்ட் ஸ்டாண்டில் உள்ள நான்கு சின்ன பேரிங்குகளின் மேல் உட்காரும். கையை எடுத்ததும் வீல் தானாக மெல்லத் திரும்பும், கனமான பக்கம் கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஆடி, நிற்கும். நேர் மேலே இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி. அங்கே 10 கிராம் வெயிட்டை முதலில் செல்லோ டேப்பால் ஒட்டிப் பார்ப்பார்கள். குறியை மூன்று மணி நிலைக்குத் திருப்பி விடுவார்கள். குறி மேலே ஏறினால் வெயிட் போதவில்லை, கீழே இறங்கினால் கூடிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் வீல் விட்ட இடத்திலேயே நிற்கும் வரை இந்த விளையாட்டு. நல்ல கையென்றால் 5 கிராம் வித்தியாசத்தையும் கண்டுபிடித்துவிடும்.

கோட்டை விடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது பழைய வெயிட். புது டயர் போட்ட பிறகும் ரிம்மில் முந்தைய டயரின் வெயிட் ஒட்டியபடியே இருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது, பின் வீல். ஸ்ப்ராக்கெட் மாட்டும் கேரியரையும், டிரம் பிரேக் என்றால் ஷூ இருக்கும் தட்டையும் கழற்றிய பிறகே வீலை ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். மூன்றாவது சுத்தம். செயினுக்கு அடிக்கும் எண்ணெய் படிந்த ரிம்மில் ஸ்டிக்கர் வெயிட் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஒட்டும் இடத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக தின்னர் தொட்டு, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ரிம்முக்கு ஒட்டிப் பிடித்தால் நன்றாக ஒட்டியதும் பறக்கும்.

வீட்டிலேயே செய்பவர்கள் ஷாஃப்டுக்குப் பதில் பைக்கின் சொந்த ஆக்சிலையே இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் வைத்துப் பார்ப்பதுண்டு. அப்போது சுழல்வது வீல் பேரிங். அதன் கிரீஸும் டஸ்ட் சீலும் பிடித்துக்கொள்வதால் சின்ன ஏற்றத்தாழ்வு தெரியாமலே போய்விடும். பெரிய கோளாறைக் கண்டுபிடிக்க இது போதும், முழுப் பேலன்சுக்குப் போதாது.

ஸ்போக் வீலுக்கு ஸ்டிக்கர் சரிப்படாது, ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளில் கவ்வும் வெயிட் தனியாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஈயக் கம்பியை அளந்து வெட்டி, நிப்பிளை ஒட்டி ஸ்போக்கில் நெருக்கமாகச் சுற்றிவிடலாம். பார்க்க நாட்டு வைத்தியம் போல இருந்தாலும் வேலை கச்சிதமாக நடக்கும்.

அடுத்தது மெஷின். ஸ்டாண்டால் முடியாத ஒன்று இதனால் முடியும். வீலின் இடது ஓரத்தில் ஒரு கனம், எதிர்ப்புறத்தில் வலது ஓரத்தில் ஒரு கனம் என்று இருந்தால், ஸ்டாண்டில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து வீல் அமைதியாக நிற்கும். சுற்றும்போது பக்கவாட்டில் தள்ளாடும். அகலமான கார் டயரில் இது பெரிய பிரச்சினை, அதனால்தான் காருக்கு மெஷின் கட்டாயம். 80, 90, 100 மி.மீ. அகலமுள்ள பைக் டயரில் அந்த இரண்டு ஓரங்களுக்கும் இடைவெளியே குறைவு. தள்ளாட்டமும் அதற்கேற்பக் குறைவு. பின்னால் 150, 180 மி.மீ. டயர் போட்ட பைக்கை வேகமாக ஓட்டுபவர்களுக்குத்தான் மெஷின் காட்டும் கூடுதல் தகவல் உண்மையிலேயே பயன்படும்.

சிக்கல் மாட்டும் இடத்தில் இருக்கிறது. கார் வீலின் நடுவில் பெரிய ஓட்டை. மெஷினின் கூம்பு அதில் அப்படியே பொருந்தும். பைக் வீலுக்குத் தனி அடாப்டர் வேண்டும். மெல்லிய ஷாஃப்ட், இரண்டு பக்கமும் கூம்பு, வீலைச் சுற்றவைக்க ஒரு கை. அது இல்லாத கடையில் "எப்படியாவது பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். நடு மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் திரையில் வரும் எண் வீலைப் பற்றியதாக இருக்காது, மாட்டிய விதத்தைப் பற்றியதாகிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒருமுறை அளந்த பிறகு, அடாப்டரைத் தளர்த்தி, வீலை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வெயிட் கேட்கும் இடம் வீலில் அதேதானென்றால் மெஷினை நம்பலாம். இடம் மாறினால் மையம் சரியில்லை. முகம் சுளிக்காமல் இதைச் செய்து காட்டும் கடை என்றால் விட்டுவிடாதீர்கள்.

இனி மணிகள். பீங்கானிலோ கண்ணாடியிலோ செய்த, ரவையளவு உருண்டைகள். முன் வீலுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், பின் வீலுக்கு அதைப் போல இரண்டு மடங்கு என்பது வழக்கமான அளவு. டயருக்குள் உருண்டுகொண்டிருக்கும் இவை, வேகம் எடுத்ததும் கனமான இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து தானாகவே சமன் செய்யும் என்பது வாதம். கதையல்ல, இயற்பியலில் இதற்கு இடம் உண்டு. பல வாஷிங் மெஷின்களில் டிரம்மின் விளிம்பில் இருக்கும் திரவ வளையம் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் வாஷிங் மெஷினை ஸ்பின்னில் கவனித்திருந்தால் தெரியும்: முதலில் தடதடவென்று ஆடும், ஒரு வேகத்தைத் தாண்டிய பிறகுதான் அடங்கும். மணிகளும் அப்படியே. வீலும் சஸ்பென்ஷனும் இயல்பாக அதிரும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே மணிகள் கனமான பக்கத்துக்கே போய்ச் சேர்ந்து நிலைமையை இன்னும் கெடுக்கும். அதற்கு மேலே போனால்தான் உதவி. பைக்கில் அந்த எல்லையே நெடுஞ்சாலை வேகத்தை ஒட்டி வருகிறது. தாண்டினாலும், நம் ஊர் ரோட்டில் ஒரு பள்ளமோ ஒரு பிரேக்கோ போதும், மணிகள் கலைந்து மீண்டும் முதலிலிருந்து.

இதற்கு மேல் சென்னையின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரெசர் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதைத் திறந்துவிடாத கடையில் காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும். ஈரத்தில் மணிகள் ஒட்டிக் கட்டியாகிவிட்டால் பேலன்ஸ் செய்ய வாங்கிய பொருளே பேலன்சைக் கெடுக்கும். வால்வுக்கு வடிகட்டி வைத்த ஊசி போடாவிட்டால், காற்று செக் பண்ணும்போது ஒரு மணி சிக்கிக் காற்று கசியும். மணி போட்ட வீலை மெஷினில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரும் என்பதால், வேலை செய்கிறதா என்று கடையில் சரிபார்க்கவும் வழியில்லை. மணி போட்டு லடாக் வரை போய் வந்தேன், ஒரு அதிர்வும் இல்லை என்பவர்களை நான் மறுக்கவில்லை. அவர்களுடைய டயர் ஆரம்பத்திலேயே நன்றாக இருந்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

ஜெல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆணி குத்தினால் அடைக்கும், அதற்காக ஊற்றுவது உங்கள் விருப்பம். பேலன்சிங்குக்கு என்று ஊற்றாதீர்கள். நீர்த்த ஜெல் என்றால், பைக் சில நாள் நின்றால் எல்லாம் அடியில் வந்து தேங்கும். கிளம்பிய முதல் சில கிலோமீட்டர் நீங்களே ஒரு கனத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிறீர்கள். கெட்டியான ஜெல் நகரவே நேரம் எடுக்கும். டயரைக் கழற்றும் பையன் அன்றைக்கு உங்களைத் திட்டாமல் இருக்க மாட்டான்.

காசே செலவில்லாத வழி ஒன்று, பலர் கண்டுகொள்ளாதது: டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதுதான் அந்த டயரின் எடை குறைந்த இடம். வால்வுதான் ரிம்மில் கனம் கூடிய இடம் என்ற கணக்கில், புள்ளியை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் கேட்கும் வெயிட் வெகுவாகக் குறையும். சிவப்புப் புள்ளி வேறு சமாச்சாரம், டயரின் வட்டத்தில் மேடான இடத்தைக் காட்டுவது. எல்லா டயரிலும் புள்ளி இருக்காது. இருந்தும் பார்க்காமல் மாட்டிவிட்டு, அப்புறம் 50, 60 கிராம் ஒட்டுகிறார்கள் என்றால், நிறுத்தி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

இதில் எந்த முறைக்கும் அடங்காத உதறலும் உண்டு, இந்த ஊரில் அதுதான் அதிகம். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து அலாய் வீலின் ரிம் லேசாக வளைந்திருக்கலாம். டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கலாம். வீல் பேரிங் ஆடலாம். வெயிட்டைக் கையில் எடுப்பதற்கு முன், முன் வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனரை அசையாமல் பிடித்துப் பாருங்கள். ரிம்முக்கும் ஸ்பேனருக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் முதலில் பெண்ட் எடுக்க வேண்டும்.

யாருக்கு எது? ஊருக்குள் மட்டும் ஓடும் 100, 125 சிசி வண்டிக்குப் புள்ளியைப் பார்த்து மாட்டினால் போதும். வார இறுதியில் ஈசிஆரில் மாமல்லபுரம், பாண்டி என்று போகிறவர்கள் ஸ்டாண்டில் போடட்டும். காசு இடித்தால் முன் வீலுக்கு மட்டுமாவது, கைக்கு நேராக வருவது அதன் அதிர்வுதான். 390, 400, 650 என்று அகலமான பின் டயரோடு ஓடுகிறவர்கள், அடாப்டர் உள்ள கடை கிடைத்தால் பின் வீலை மெஷினில் போடலாம். ஸ்போக், டியூப் வீலுக்கு ஸ்டாண்டும் ஈயக் கம்பியும்.

இடையில் பஞ்சருக்காகக் கழற்ற நேர்ந்தால், டயரை ரிம்மிலிருந்து எடுப்பதற்கு முன்பே வால்வுக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். அதே இடத்தில் திரும்ப மாட்டினால் பழைய பேலன்ஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.