சுங்கச்சாவடிச் சேவை: வசூலில் விரைவு, பொறுப்பில் தாமதம்

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி தேர்தல் மேடைக்குரிய பொருளாகவே நமக்குப் பழகிவிட்டது. நாட்டின் சொத்து தனியார் கைக்குப் போகிறது என்று ஒரு தரப்பும், தனியார் முதலீடு இல்லாமல் நான்குவழிச் சாலை ஏது என்று மறுதரப்பும் பேசி முடிக்கும்போது, அந்தச் சாவடியில் காசு கொடுத்துக் கடந்து போகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. கட்டணம் வாங்குகிற எந்தச் சேவையையும் போல இதையும் மதிப்பிடலாம் என்பதால், வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய வில்லை வழியாகக் கட்டணத்தைக் கழிக்கும் ஃபாஸ்டேக், ஆண்டுப் பாஸ், சாலை ஆகிய மூன்றையும், சொந்தக் காரில் அடிக்கடி வெளியூர் போய்வருகிற ஒருவரின் நிலையில் நின்று இங்கே பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, சில்லறைக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்த காலம் பெருமளவு முடிந்துபோனது. சராசரிக் காத்திருப்பு சுமார் 12 நிமிடத்திலிருந்து 47 வினாடியாகக் குறைந்தது என்பது அரசின் கணக்கு. பண்டிகை விடுமுறைக்கு முந்தைய மாலையில் ஊருக்குக் கிளம்பியவர்கள் இந்தச் சராசரியைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்றாலும், சாதாரண நாளில் அது பொய்யில்லை. வசூலிக்கும் கருவி என்ற அளவில் இது நன்றாக உருவாக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கருவி தடுமாறும்போதுதான் சேவையின் தரம் தெரிகிறது. எனக்கு டேக் வழங்கிய வங்கி, ஏற்கெனவே கொடுத்த ஆவணங்களையே மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொண்ட பிறகும் டேக்கை முடக்கி வைத்திருந்தது. வங்கியின் உதவி எண்ணில் சாவடியில் கேட்கச் சொன்னார்கள், சாவடியில் வங்கியைக் கேட்கச் சொன்னார்கள். டேக் இல்லாதவரும் முடங்கிய டேக்குடன் வருபவரும் இரட்டைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2025 நவம்பர் 15 முதல் யூபிஐ வழியாகச் செலுத்தினால் அது ஒன்றேகால் மடங்காகத் தளர்த்தப்பட்டது. பயணியின் பக்கம் நிற்கிற விதியும் ஒன்று இருக்கிறது. செல்லத்தக்க டேக்கும் போதிய இருப்பும் இருந்து, சாவடியின் கருவி பழுதால் வாசிக்க முடியாமல் போனால், கட்டணம் வாங்காமல் பூஜ்யத் தொகை ரசீது கொடுத்து வண்டியை அனுப்ப வேண்டும் என்று 2018 முதலே விதியில் உள்ளது. இரட்டைக் கட்டண விதியை மனப்பாடமாகச் சொல்லும் ஊழியர்களில் இந்த விதியை அறிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆண்டுப் பாஸ், இந்தச் சேவையில் மனமுவந்து பாராட்டக்கூடிய ஒரே புதுமை. வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு, தொடங்கியபோது 3,000 ரூபாய்; 200 கடப்புகள் அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். அந்த விலையில் ஒரு சாவடிக்கு 15 ரூபாய் என்றானது. போகும்போது ஒன்றும் திரும்பும்போது ஒன்றுமாக ஒவ்வொரு சாவடியும் தனித்தனியே கணக்கில் சேர்வதால், சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஓடுபவருக்கு 200 என்பது நினைப்பதைவிட விரைவில் கரையும்; கரைந்தாலும் லாபம்தான். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டுமே பாஸ் செல்லும், மாநில அரசின் கட்டணச் சாலைகளில் வழக்கமான தொகை டேக்கிலிருந்து கழியும், பணம் திரும்பக் கிடைக்காது, வேறு வண்டிக்கு மாற்றவும் முடியாது. இவற்றை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது. ஆண்டுக்கு நான்கைந்து நீண்ட பயணம் போகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். லாரிக்காரருக்கும் பேருந்துக்கும் வாடகைக் காருக்கும் இந்தச் சலுகை இல்லை. ஆகவே அரிசி, காய்கறி விலையில் ஏறி நம் வீட்டுக்கு வரும் சுங்கக் கட்டணம் அப்படியேதான் இருக்கிறது.

கட்டணத்துக்கு ஈடாகக் கிடைப்பது சாலை. நன்றாகப் பராமரிக்கப்படும் பகுதிகளில் இந்த நெடுஞ்சாலைகள் தரும் பயணச் சுகத்தை மறுப்பதற்கில்லை. குறை என்னவென்றால், சாலை கெட்டால் கட்டணமும் தானாகக் குறையும் ஏற்பாடு இல்லை. அதற்கு யாராவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடைப்பட்ட சாலை சீர்கெட்டுக் கிடந்தபோது, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அங்குள்ள இரு சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேரளத்தில் இடப்பள்ளி–மண்ணுத்தி சாலையில் நெரிசல் தாங்காமல், பாலியேக்கரை சாவடியின் வசூலையே 2025 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதை எதிர்த்த மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்டோபரில்தான் வசூல் மீண்டும் தொடங்கியது. வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் வண்டிகளை இலவசமாக விட வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021இல் அறிவித்த நல்ல ஏற்பாடு ஒன்றும் இருந்தது; 2024இல் அதை ஆணையமே திரும்பப் பெற்றுக்கொண்டது. பயணி சாவடியிலேயே கேட்டுப் பெறக்கூடியதாக இருந்த நிவாரணம் அப்படிப் போயிற்று.

தேர்தல் காலத்து வாதம் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. தனியார் நடத்தும் சாவடியில் தனியார் விருப்பம்போல் விலையை ஏற்றுகிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் கட்டண விகிதம் 2008ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளால் கட்டுப்பட்டது. ஆண்டுதோறும் மூன்று விழுக்காடு நிலையான உயர்வு, அதோடு மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடு என்பது சூத்திரம். சாவடியை அரசு நடத்தினாலும் நிறுவனம் நடத்தினாலும் இதுவே பொருந்தும். 2024 மக்களவைத் தேர்தலின்போது இது வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கப்படி ஏப்ரல் 1 அன்று வர வேண்டிய உயர்வு, தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலால் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 1 அன்று கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்தது, ஜூன் 3 அன்று உயர்வு நடைமுறைக்கு வந்தது, ஜூன் 4 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. யார் வென்றார் என்று தெரிவதற்கு முன்பே கட்டணம் ஏறிவிட்டது.

விற்பனை என்ற குற்றச்சாட்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த, அரசுச் சொத்துகளைக் குறித்த காலத்துக்குத் தனியாரிடம் விட்டுப் பணம் திரட்டும் தேசியப் பணமாக்கல் திட்டத்தின் இலக்கு நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய். அதில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி, சாலைகளிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டது. எழுபது ஆண்டுகளில் சேர்த்த சொத்தை விற்கிறார்கள் என்று ராகுல் காந்தி கண்டித்தார். உரிமை அரசிடமே இருக்கிறது, குறித்த காலத்துக்குப் பயன்பாடு மட்டுமே கைமாறுகிறது என்பது அரசின் விடை. சட்டப்படி அரசின் விடை சரி. ஆனால் 2018இல் ஆந்திரத்திலும் குஜராத்திலுமாக ஒன்பது சாலைப் பகுதிகள் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி நிதி நிறுவனத்துக்கு 9,681 கோடி ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டபோது, ஒப்பந்தக் காலம் 30 ஆண்டு. ஒரு தலைமுறை முழுவதும் ஆறு மக்களவைத் தேர்தல்களில் வாக்களித்தாலும் மாற்ற முடியாத ஒப்பந்தத்தை, உரிமை நம்மிடம்தான் என்ற ஒற்றை வாக்கியத்தால் நியாயப்படுத்திவிட முடியாது. இப்படி வரும் முன்பணத்துக்குத் தேவை இருப்பதும் மெய்தான். நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் 3 லட்சம் கோடியைத் தாண்டியிருந்த நிலையில், புதிய சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எதிர்ப்பவர்களும் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை அகற்றுவோம் என்று 2024இல் திமுக தன் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தந்தது. அகற்றிய பின் பராமரிப்புச் செலவை வண்டி வைத்திராதவரின் வரியும் சேர்ந்து சுமக்கும் என்பதை அந்த வாக்குறுதியைக் கைதட்டி வரவேற்றவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை, சாவடி யார் கையில் என்பதைவிடக் கணக்கு யார் கண்ணில் படுகிறது என்பதே முக்கியம். முதலீடு மீண்ட பிறகு கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்ற ஏற்பாடு 2008 விதிகளில் இருந்தது. 2023இல் அது திருத்தப்பட்டு, முழுக் கட்டணமும் தொடர வழி செய்யப்பட்டது. இந்தத் திருத்தம் எந்தத் தேர்தல் மேடையிலும் பேசுபொருளாகி நான் கேட்டதில்லை. அதே ஆண்டில் வெளியான தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, செங்கல்பட்டை அடுத்த பரனூர் சாவடியைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டண விலக்கு பெற்றவையாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. அந்தச் சாலையில் போய்வருகிற யாரும் அவ்வளவு முக்கியப் பிரமுகர்களைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

சாவடிதோறும் பெரிய பலகை ஒன்று நிற்கிறது. குடியரசுத் தலைவரில் தொடங்கி யார் யாருக்குக் கட்டணம் இல்லை என்பதையும், எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதையும் அது சொல்கிறது. சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது ஆகிய விவரங்கள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்கின்றன, நான் பார்த்த பலகைகளில் இல்லை. பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்ய 1033 என்ற எண் இருக்கிறது, அழைத்தால் எடுக்கிறார்கள், புகாருக்கு எண்ணும் தருகிறார்கள். அந்தப் பள்ளம் மூடப்படும்வரை அடுத்த சாவடியில் கட்டணம் முழுதாகவே கழிகிறது.